அப்பா திறக்க, அம்மை சவிட்ட

காரில் ஏறிப் போகிற பெண்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். நம்ம பிராயத்து ஆட்கள் இதற்குச் சிரிக்கவே கூடாது. சப்போட்டாக் கொட்டையை விழுங்கிவிட்டு, காது வழியாகக் கிளை வரும் என்று கண்ணாடி முன்னால் நின்று அழுதவர்கள் உங்களிலும் உண்டு. என் நம்பிக்கைக்காவது சாட்சி இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில், பாறசாலைக்கும் செங்கல் என்கிற ஊருக்கும் நடுவில், ஒரு வீட்டு முற்றத்தில் கார் வந்து நின்றால் அது யாராவது ஒரு பெண்ணைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கும். பெரியப்பா மகள் கல்யாணம் கழிந்து பூ ஒட்டிய காரில் ஏறினாள். அதோடு சரி. அடுத்த முறை வந்தபோது அவள் விருந்தாளி, அவளுக்கு நல்ல தம்ளரில் காப்பி கொடுத்தார்கள். மேலவிளைப் பாட்டியை மெடிக்கல் காலேஜுக்குக் காரில் கொண்டுபோனார்கள். திரும்பும்போது பாட்டி வெள்ளை வேனில் வந்தாள், எழுந்திருக்கவில்லை. கிணற்றுக்கு அப்பால் இருந்த வீட்டு மருமகள் ஒரு மத்தியானம் வாடகைக் காரில் பெட்டியோடு ஏறினாள். ஏறும்போது எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள், எனக்கு ஒரு முட்டாயும் தந்தாள். பிறகு அந்த வீட்டில் அவள் பெயரையே யாரும் சொல்லவில்லை. கேஸ் முடிந்தது. இதற்கு மேல் எந்தக் கோர்ட்டு என்ன கேட்கும்?

அப்படி இருக்கும்போதுதான் அப்பா கார் வாங்கினார்.

அப்பா நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். டாக்டர் புதுக் கார் எடுத்ததும் பழைய அம்பாசிடர் அப்பா தலையில் வந்து விழுந்தது. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்து, கஞ்சித்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்த வண்டி. உள்ளே டெட்டாலும் பழைய ரெக்சினும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாசம். முன் கதவில் மூன்று மூலையாக ஒரு குட்டிக் கண்ணாடி இருக்குமே, அதைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். இந்தக் காலத்துக் கார்களில் அதைக் காணோம். ஏன் எடுத்தார்கள் என்று எவனும் சொல்லமாட்டேன் என்கிறான். பின்சீட்டுக்காரர் சாம்பல் தட்டுவதற்கு ஒரு சின்ன தகரக் குழி உண்டு. அதில் நான் மஞ்சாடிக்குரு என்கிற சிவப்பு விதைகளை நிறைத்து வைத்திருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கிலுகிலு என்று சத்தம் போடும். அப்பா அந்தச் சத்தம் இஞ்சினிலிருந்து வருகிறது என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் மும்முரமாக இருக்கும்போது இடையில் பேசக்கூடாது என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள்.

வண்டி வந்து அதிக நாள் ஆகவில்லை. உதியன்குளங்கரையில் ஒரு புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனோம். முன்னால் அப்பாவும் அம்மையும், பின்னால் நானும், எங்களோடு இருந்த அப்பாவின் அக்காவான மாமியும். போகும்போதே அம்மை சொன்னாள்: "பிரேக்கு தாழுது போல இருக்கு."

"அது அப்பிடித்தான். பெரிய வண்டியாக்கும்," என்றார் அப்பா.

"உங்க கால்முட்டு தாழுறத பாத்தேன். காலைல விட இப்போ கூடுதலா தாழுது."

"நீ வழியப் பாரு. முட்ட நான் பாத்துக்கிடுதேன்."

திரும்பி வரும்போது சர்ச் இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அது இறங்கிக்கொண்டே போனது, வளைவு வந்தது, வண்டி வளையவில்லை, வரப்பு ஏறி ஒருவருடைய மரச்சீனி விளைக்குள், மரவள்ளித் தோட்டம்தான், புகுந்தது. கம்புகள் சடசடவென்று முறிய, ஈரமண்ணில் போய்க் குந்தியது. யாருக்கும் ஒன்றுமில்லை. மாமியின் கண்ணாடி மட்டும் கழன்று என் மடியில் கிடந்தது. இதற்கெல்லாம் நடுவில் அம்மை ஒரு கூப்பாடு போட்டிருந்தாள். நல்ல கூப்பாடு. பக்கத்து டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தது அதைக் கேட்டுத்தான்.

வந்தவர்களிடம் அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இவ ஒரு கூப்பாடு போட்டா பாத்துக்கோ, எனக்குக் கை பதறிப் போச்சு."

பாவம், அந்த நேரத்தில் அவருக்கு வாயில் வந்தது அது. ஆனால் வந்த வார்த்தை அங்கேயே நிற்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார். முடிவெட்டுகிற கடையில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது சத்தியமாகிவிட்டது. பிறகு அம்மை குடிவெள்ளம் எடுக்கப் போனாலும் கேலி. "மைனி இருக்கும்போ அந்த வண்டிக்கு ஹாரன் எதுக்கு?" என்றான் டீக்கடைக்காரன். ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ ஒருத்தர் அம்மை பரிமாற வந்ததும் இரண்டு காதையும் பொத்திக் காட்டினார். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

அன்றோடு அம்மை அப்பாவிடம் வாய் திறந்து மிண்டுவதை நிறுத்தினாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கோபித்தால் சட்டி பானை உருளும் என்றுதான் கேள்வி. அம்மை அப்படியில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, அப்பாவின் சட்டை தேய்த்து மடித்து இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. வேண்டியதெல்லாம் என் வழியாகப் போனது. கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் அப்பா சம்மணம் போட்டு இருப்பார். அம்மை என்னைப் பார்த்து, "மக்கா, கஞ்சி ஆறுதுண்ணு அவியகிட்ட சொல்லு," என்பாள். நான், "அப்பா, கஞ்சி ஆறுதாம்." அவர், "கேட்டாச்சுண்ணு சொல்லு." நான், "அம்மா, கேட்டாச்சாம்." இப்படி ஒரு தபால்காரன் எந்த சர்க்காரிலும் வேலை பார்த்திருக்கமாட்டான்.

வண்டியை விளைக்குள் புகுந்த அன்றைக்கே ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டிருந்தார்கள். பின் சக்கரங்களைக் கழற்றி வெட்டுகல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினார்கள். ஜங்ஷன் மெக்கானிக் வந்து பார்த்தார். வீலுக்குள் இருந்த ரப்பர் வாஷர் பொடிந்து ஆயில் ஒழுகியிருக்கிறது, அந்த வழியாகக் காற்றும் புகுந்திருக்கிறது என்றார். புது ரப்பர் போட்டார். அப்புறம் தன் மச்சான் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதென்று கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். "காத்த மட்டும் வெளியே எடுத்துடும். ஒருத்தர் பெடல சவிட்டணும், ஒருத்தர் நிப்பிள திறக்கணும். ரெண்டு பேரு மிண்டிக்கிட்டா அர மணிக்கூர் வேலை."

அவருக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியாது.

அப்பாவுக்கோ பெரிய உற்சாகம். காற்றை வெளியே எடுப்பது கம்பவுண்டருக்குப் பரம்பரைச் சொத்து அல்லவா. "சிரிஞ்சில காத்து நிண்ணா ஆளு போவான், பிரேக்கில காத்து நிண்ணா வண்டியே போவும். ரெண்டும் ஒரே சங்கதியாக்கும்," என்று மாமிக்கு வகுப்பெடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ட்ரிப் ஏற்றுகிற டியூபும் காலி குளுக்கோஸ் பாட்டிலும் கொண்டுவந்தார். வீலுக்குப் பின்னால் முறுக்கித் திறக்கிற ஒரு சின்ன நிப்பிள் உண்டு. டியூபின் ஒரு முனையை அதில் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் கொஞ்சம் பிரேக் ஆயில் விட்டு அதில் முக்கி வைத்தார். வண்டி பார்ப்பதற்குக் காய்ச்சலில் கிடக்கிற நோயாளி மாதிரியே இருந்தது.

சவிட்டுவதற்கு முதலில் என்னை ஏற்றினார்கள். நான் பெடலைத் தொட வேண்டுமென்றால் சீட்டிலிருந்து வழுக்கி உள்ளே காணாமல் போக வேண்டியிருந்தது. மாமி ஏறினாள். ஒரு சவிட்டு சவிட்டியதும், "அய்யோ, உள்ள போவுதே!" என்று அலறி இறங்கி ஓடிவிட்டாள்.

இதற்கிடையில் நான் வீட்டுக்குள் தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மை பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கி வைத்திருந்தாள். அதிலிருந்து சேலைகளை எடுத்து, ஒரு தோர்த்துத் துண்டில் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

வெப்ராளம் என்று நம்ம ஊரில் ஒரு சொல் உண்டே, பதற்றத்துக்கு மூத்த அண்ணன், அது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் பிடித்தது. கார் முற்றத்தில் நிற்கிறது. பிரேக் சரியாகப்போகிறது. பெட்டி இறங்கியாச்சு. என் மூளை கூட்டிக் கழித்துப் பார்த்தது, விடை ஒன்றே ஒன்று வந்தது. அம்மை மூட்டையோடு முற்றத்துக்கு வந்தாள், காரின் முன்கதவைத் திறந்தாள், மூட்டையை டிரைவர் சீட்டில் வைத்தாள். சாமான் ஏற்றியாகிவிட்டது! பிறகு அவளும் ஏறி உட்கார்ந்து, மூட்டையை முதுகுக்கு அண்டை கொடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் சவிட்டுதேன்ணு சொல்லு."

வேலை தொடங்கியது. அப்பா பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அம்மை முன்னால். இருவருக்கும் நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

"சவிட்டச் சொல்லுலே!"

"அம்மா, சவிட்டணுமாம்!"

"சவிட்டிப் பிடிச்சாச்சுண்ணு சொல்லு."

"அப்பா, பிடிச்சாச்சாம்!"

"திறந்தாச்சுண்ணு சொல்லு. விடச் சொல்லு... எலே, நில்லு, விடண்டாம்ணு சொல்லு, நிப்பிள இன்னும் முறுக்கல்ல!"

நான் 'விடு'வைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன். 'விடாதே' வழியில் இருக்கும். அம்மை காலை எடுத்ததும் டியூபில் இருந்த ஆயில் பின்னோக்கி ஏறும், அதன் பின்னாலேயே குமிழிகள் மணி கோத்தாற்போல் உள்ளே போகும். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். மறுபடியும் முதலிலிருந்து. வேண்டுமென்றே நான் செய்யவில்லை. என் சாதாரணத் திறமைக்கே அவ்வளவு வந்தது. ஆனால் ஒவ்வொரு குமிழி உள்ளே போகும்போதும் எனக்கு ஒரு ஆசுவாசம். காற்று இருக்கிறவரைக்கும் வண்டி போகாது. வண்டி போகாதவரைக்கும் அம்மை போகமாட்டாள்.

கும்பமாதத்து வெயில் தகரத்தில் பட்டு எரிந்தது. கடைசியில் அம்மை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. எதிரே நின்ற பலாமரத்திடம் சொன்னாள்.

"நிப்பிள முறுக்கின பெறவாக்கும் விடுண்ணு சொல்லணும். அதுக்கு முன்ன சொன்னா, போன காத்து அதே வழியா உள்ள வரும். பின்ன, தூரத்து வீல்ல தொடங்கணும். பக்கத்து வீல்ல தொடங்கினா விடிய விடிய கெடக்க வேண்டியதுதான்."

வண்டிக்கு அடியிலிருந்து மெதுவாக, "இது ஆரு சொன்னாண்ணு கேளு," என்றது அப்பாவின் குரல்.

நான் திரும்புவதற்குள் அம்மை பதில் சொல்லிவிட்டாள். "பூவார்ல எங்க அண்ணன் மீன்பெட்டி ஏத்துற ஜீப்பு ஓட்டும்போ, அதுக்குப் பிரேக்கு சவிட்டிக் குடுத்தது நானாக்கும். கல்யாணம் கழியுறது வரைக்கும் நான்தான்." "அதுனாலத்தான் அண்ணைக்குச் சொன்னேன், பிரேக்கு தாழுதுண்ணு. நான் கூப்பாடு போடுறதுக்கு முன்னாலயே உங்களுக்குப் பிரேக்கு போயாச்சு. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

இதில் எனக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. அப்பாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் கட்டைவிரல் மட்டும் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார் அப்பா.

பலாமரத்தில் ஒரு காக்கை இடம் மாறி உட்கார்ந்தது.

"ஆமா. நான் சவிட்டினேன், தரை வரைக்கும் போச்சு, ஒண்ணும் இல்ல. அதுக்குப் பெறவுதான் நீ கத்தினே."

"அத ஆளுவகிட்டச் சொல்லணும்."

"சொல்லுதேன்."

"பந்தியில காதப் பொத்துனாரே, அவருகிட்டயும்."

"சொல்லுதேன் பிள்ளே. இப்போ சவிட்டு."

அதற்கப்புறம் எனக்கு வேலை போய்விட்டது. அப்பா டியூபைத் தூரத்து வீலுக்கு மாற்றினார். நேராகவே பேச்சு நடந்தது. "சவிட்டு." "பிடிச்சிருக்கேன்." "திறந்தாச்சு. விடாதே." "விடல்ல." "முறுக்கியாச்சு." "விடுதேன்." எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. இடையிடையே ஆயில் குறையாமல் பார்க்க வேண்டும். அந்தப் பழைய வண்டியில் ஆயில் விடுகிற மூடி டிரைவரின் காலடியில், ரப்பர் விரிப்புக்குக் கீழே இருந்தது. அப்பா எழுந்து வந்து, கதவைத் திறந்து, மண்டியிட்டு, அம்மையின் பாதத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, டப்பாவிலிருந்து ஊற்றினார். வழியில் போன எவனாவது பார்த்திருந்தால் கம்பவுண்டர் பெண்டாட்டி காலில் விழுந்துவிட்டான் என்றே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. டியூபில் குமிழிகள் குறைந்து, ஒற்றையாக வந்து, பிறகு வராமலே போனதுதான் கண்ணில் பட்டது. "பெடலு கல்லு மாதிரி ஆயாச்சு!" என்றாள் அம்மை. சிரித்துப் பேசுகிறாளே! கிணற்றங்கரை வீட்டு மருமகளும் போகிற அன்றைக்கு இப்படித்தானே சிரித்தாள்!

சக்கரங்களை மாட்டி வண்டியைக் கல்லிலிருந்து இறக்கினார்கள். "ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டு வாறேன்," என்றார் அப்பா. "நானும் வாறேன்," என்றாள் அம்மை. மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தாள். அவ்வளவுதான், எனக்கு நின்ற நிலையில் புத்தி மறைந்தது. அந்த வண்டியின் டிக்கிப் பூட்டு கெட்டுப்போய்க் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் கயிற்றை அவிழ்த்து உள்ளே ஏறி, மூடியை இழுத்து, கயிற்று நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டேன். கையால் பிடித்திருந்தாலே போதும். அந்த யோசனை வரவில்லை. அம்மை எங்கே போகிறாளோ அங்கே போய் இறங்குவது என்பதுதான் திட்டம். அதற்கு மேல் திட்டம் இல்லை. உள்ளே ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு சாக்கு, மண்ணெண்ணெய் வாசம், நான்.

வண்டி எங்கெல்லாமோ திரும்பியது. கீற்று வெளிச்சத்தில் செம்மண் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு முன்பக்கம் தாழ்ந்தது. இறக்கம். சர்ச் இறக்கம்! அப்பா சோதனை போட அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். பாதி இறக்கத்தில் ஓங்கி ஒரு சவிட்டு.

பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடித்தது என்பதற்கு என் நெற்றிதான் சாட்சி. ஜாக்கியில் போய் மோதி, நான் போட்ட கூப்பாட்டில் டீக்கடை பெஞ்சு காலியானது.

வண்டி அசையாமல் நின்றது. முன்னால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"நான் இல்ல," என்றாள் அம்மை.

"தெரியும்," என்றார் அப்பா.

டிக்கியைத் திறந்தபோது நான் நெற்றியில் கிரீஸும் மறுபடி வாயில் கவ்விய கயிறுமாக உட்கார்ந்திருந்தேன். "எலே, நீ இஞ்ச என்னத்துக்குக் கேறினே?" என்றார் அப்பா.

"அம்மை போறா," என்றேன். "மூட்டை கட்டியாச்சு."

அம்மை கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அதை அங்கேயே அவிழ்த்துக் காட்டினாள். கிழிந்த சேலைகள், நடுவில் ஒரு பழைய தலையணை. "எனக்குக் காலு எட்டாது மக்கா. முதுகுக்கு வச்சேன்."

டீக்கடைக்காரன் சிரித்துக்கொண்டே வந்தான். "என்ன கம்பவுண்டரே, இண்ணைக்கும் மைனிக்க ஹாரன் கேட்டுதே?"

அப்பா அவனைப் பார்த்து, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "இண்ணைக்குக் கத்தினது இவன். அண்ணைக்கு வண்டி நிக்காம போனது பிரேக்கு இல்லாம. இவ முன்னாடியே சொன்னா, நான் கேக்கல்ல. இனி ஹாரன், கீரன்ணு ஒருத்தனும் பேசண்டாம்." அவன் முகம் ஒரு மாதிரியானது. பேச்சை மாற்ற எனக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தான். நான் தின்றேன். வெப்ராளம் போனதும் பசி வரும், கவனித்திருக்கிறீர்களா?

காதைப் பொத்தியவரிடமும் அப்பா சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த விசேஷத்தில் அவர் அம்மையிடம் இன்னும் கொஞ்சம் அவியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

இந்த டிக்கிக் கதையை நான் பல வருஷமாகக் குடும்ப விசேஷங்களில் சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அப்பா இருந்தவரைக்கும் அவர்தான் முதலில் சிரிப்பார். போன ஓணத்துக்குப் பிள்ளைகளிடம் மறுபடியும் சொன்னேன். அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்டிருந்தாள். எல்லாரும் எழுந்து போன பிறகு சொன்னாள்:

"நீ பயந்து பேடிச்சது சரிதான் மக்கா. நாளுதான் மாறிப் போச்சு."

"எது?"

"அதுக்கு முந்தின வாரம் நான் போனேன். வண்டி கல்லு மேல நிக்கும்போ. நீ பள்ளிக்கூடம் போன பெறவு, பஸ்சில பூவாருக்குப் போயாச்சு. இனி வரண்டாம்ணுதான் போனேன்."

"பின்ன ஏன் வந்தே?" என்று கேட்டேன். எனக்காகத்தான் என்று பதில் வரும் என ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, மறைப்பானேன். முடி நரைத்தாலும் அது இருக்கும்.

"முற்றத்தில மிளகு காயப் போட்டிருந்தேன். அண்ணன் வீட்டு நடையில நிண்ணு பாத்தா வானம் கறுத்துக்கிட்டு வருது. உங்க மாமி அதையெல்லாம் வாரி வைக்கமாட்டா. அடுத்த பஸ்சில கேறி வந்துட்டேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த நாளைப் பற்றி எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பேன், அம்மை சாயா தந்திருப்பாள், குடித்துவிட்டு விளையாடப் போயிருப்பேன்.

"மிளகு நனைஞ்சுதா?" என்று கேட்டேன்.

"மழையே பெய்யல்ல," என்றாள் அம்மை.